வோல்ட், ஆம்பியர் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஆம்பியரோடு பெருக்கினால் திறன். சூத்திரம் இவ்வளவுதான், அதை மறப்பவர்கள் குறைவு. விடை தப்பாக வருவது பெரும்பாலும் எந்த வோல்ட்டை எடுத்துப் போட்டோம் என்பதில்தான்.

ஒரு எல்இடியை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் சப்ளை, சிவப்பு எல்இடி, 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். தொடரில் எத்தனை ஓம் ரெசிஸ்டர் போடுவது? கை தானாகவே 12-ஐ 0.02-ஆல் வகுத்து 600 என்று எழுதிவிடும். ஆனால் எல்இடியே சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. மீதி 10 வோல்ட்தான் ரெசிஸ்டருக்கு. ஆக, 10 ÷ 0.02 = 500 ஓம். திறனுக்கும் அதே 10தான்: 10 × 0.02 = 0.2 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் நன்றாகச் சுடும். அரை வாட் போட்டால் நிம்மதி.

சரிபார்க்க எளிய வழி உண்டு. திறனை வேறு இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் 100 ÷ 500 = 0.2. ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினால் 0.0004 × 500 = 0.2. தவறுதலாக 12 போட்டிருந்தால் 144 ÷ 500 = 0.288 என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மேலே 0.02-இன் வர்க்கம் 0.0004 என்பதைக் கவனித்தீர்களா? அவசரத்தில் பலர் அதை 0.04 என்று எழுதுவார்கள். 20 மில்லி ஆம்பியரை மாற்றாமல் வர்க்கப்படுத்தினால் இன்னும் மோசம்: விடை பத்து லட்சம் மடங்கு ஊதிப்போகும். மில்லியிலேயே வைத்துக்கொள்ள ஆசையா? வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் வருவது கிலோ ஓம், பெருக்கினால் வருவது மில்லி வாட். அது தெரிந்தால் போதும்.

அப்புறம், 'மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா?' ஒரு சூத்திரம் கூடும் என்கிறது, இன்னொன்று குறையும் என்கிறது. இரண்டுமே சரி, எது மாறாமல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. வோல்ட் மாறாத இடத்தில் ஹீட்டர் கம்பியின் மின்தடை குறைந்தால் சூடு கூடும். ஆம்பியர் அதேயளவு ஓடும் இடத்தில் நேரெதிர். 10 ஆம்பியர் ஓடும் வயரில் தளர்ந்த ஓர் இணைப்பு வெறும் 0.5 ஓம் காட்டினாலும் அங்கே 50 வாட் சூடு எழும். பிளக் உருகுவது இப்படித்தான்.

230 வோல்ட், 100 வாட் இழை பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம் அளவில் காட்டும். அதை நம்பிக் கணக்கிட்டால் 1,300 வாட்டுக்கு மேல் போகும்! மீட்டரில் குறையில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை சூடேறி 529 ஓம் ஆகிவிடுகிறது. எரியும் நிலையில் உள்ள வோல்ட், ஆம்பியரிலிருந்துதான் அந்த மின்தடையைக் கணக்கிட வேண்டும்.

மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு இந்தப் பெருக்கல் மட்டும் போதாது. 230 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் வருவது 1,150 வோல்ட்-ஆம்பியர். திறன் காரணி (அதில் உண்மையான திறனாக மாறும் பங்கு) 0.8 என்றால் உண்மையான திறன் 920 வாட்தான். அங்கே வகுத்துக் கிடைக்கும் 46 ஓமும் சுருளின் மின்தடை அல்ல, இம்பிடன்ஸ், அதாவது மாறுதிசை மின்சாரத்துக்கு மோட்டார் காட்டும் மொத்த எதிர்ப்பு.