சாயம் மட்டும் மாறினால் போதாது: சொந்தமாக ஒரு ஐம்பூத கிளாஸ் வடிவமைப்பது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ரோல்பிளேயிங் ஆட்டத்தில், ஆட்டக்காரர்களே சொந்தமாக உருவாக்கும் (ஹோம்ப்ரூ) எலிமென்டல் கிளாஸ்கள், அதாவது பூதங்களை ஆளும் கேரக்டர் வகைகள், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. நெருப்பை எடுத்தால் 1டி10 (பத்து முகப் பகடை ஒன்று) நெருப்பு டேமேஜ், நீரை எடுத்தால் 1டி10 குளிர் டேமேஜ், காற்றை எடுத்தால் 1டி10 இடி டேமேஜ். சட்டை ஒன்றுதான், சாயம்தான் வேறு. மூன்றாவது செஷனில் ஆட்டக்காரருக்கு அலுத்துவிடும்.

டைஸ் பக்கம் போவதற்கு முன், ஒவ்வொரு பூதத்துக்கும் களத்தில் என்ன வேலை என்று ஒரே வினைச்சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள். நெருப்பு விரட்டும். நீர் இழுக்கும். நிலம் நிறுத்தும். காற்று கூட்டாளியைக் கடத்திவிடும். இரண்டு பூதங்களுக்கு ஒரே வினை வந்தால் ஒன்று தேவையில்லை என்று அர்த்தம். ஆகாயம்தான் தொல்லை பிடித்தது. அதற்கு இயல்பான வினையே கிடையாது. வலிந்து ஏதாவது கொடுத்தால் காற்றின் நகலாகிவிடும். தொடக்கத்தில் விட்டுவிட்டு, 11ஆம் லெவலில் டெலிபோர்ட் போன்ற ஒரே ஒரு பெரிய திறனாகக் கொடுப்பது நல்லது.

இனி கணக்கு. கீழே வரும் எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 விதிகளுக்கானவை. 5ஆம் லெவலை அளவுகோலாக வையுங்கள். திறன் +4, ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான போனஸ்) +3, ஆக அட்டாக் +7. எதிரியின் ஏசி (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 15 என்றால் டி20-இல் 8க்குக் குறையாமல் விழ வேண்டும், 65% வாய்ப்பு. கிரிட்டிகலை (20 விழுந்தால் டேமேஜ் டைஸ் இரட்டிப்பதை) இப்போதைக்கு மறந்துவிடலாம்.

விசார்ட் கிளாஸ் வீசும் ஃபயர் போல்ட் மந்திரம் 2டி10, சராசரி 11. 65%-க்குப் பிறகு கையில் நிற்பது சுமார் 7. நீள்வில் வைத்திருக்கும் ஃபைட்டர் இரண்டு அம்பு விடுகிறார். ஃபைட்டிங் ஸ்டைல் போனஸ் எதுவும் சேர்க்காமல் சராசரி 17, நிற்பது 11. அகனைஸிங் பிளாஸ்ட் (மந்திர வீச்சின் டேமேஜில் திறன் போனஸைச் சேர்க்கும் சலுகை) எடுத்த வார்லாக்குக்கு இரண்டு வீச்சில் 19, நிற்பது 12க்குச் சற்று மேல். உங்கள் கிளாஸின் அடிப்படை வீச்சு 2டி10+4 என்று வைத்தால் சராசரி 15, நிற்பது 9.75. வார்லாக்கைவிட இரண்டரை குறைவு. அந்த இரண்டரைதான் பூதத்தின் வினைக்கு நீங்கள் கொடுக்கும் விலை. டேமேஜையும் வார்லாக் அளவுக்கு ஏற்றி, இலவசமாக இழுக்கவும் விட்டால் பக்கத்தில் இருக்கும் வார்லாக் ஆட்டக்காரர் முகம் சுளிப்பார். அவர் பக்கம்தான் நியாயம்.

இலவச விளைவுகளைச் சின்னதாக வையுங்கள். நீர் என்றால் 10 அடி இழுப்பு. எதிரி லார்ஜ் அளவைத் தாண்டக் கூடாது. நிலம் என்றால் எதிரியின் வேகத்தில் 10 அடி குறையும். இங்கே வேகத்தைப் பூஜ்யமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை இலவசமாகக் கொடுத்தால், கைக்கெட்டும் தூரத்தில் மட்டுமே சண்டை போடத் தெரிந்த பாஸ் ஒரு அடிகூட கொடுக்காமல் தூரத்திலேயே சாகும். பூஜ்யம் வேண்டுமென்றால் ஒரு பாயின்ட் செலவும் (பாயின்ட் கணக்கு பின்னால் வருகிறது), ஸ்ட்ரெங்த் சேவும் (எதிரி வலிமையால் தப்பிக்க உருட்டும் பகடை) கேளுங்கள். காற்று படும்போது, ஒரு கூட்டாளி ரவுண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் தன் ரியாக்‌ஷனைச் செலவழித்து 10 அடி நகரலாம். அந்த நகர்வுக்கு ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகும்போது எதிரி அடிக்கும் அடி) கிடையாது.

நெருப்புக்குத்தான் வார்த்தைகளைப் பொறுக்கி எழுத வேண்டும். வீச்சு பட்ட 5 அடிக் கட்டம் உங்கள் அடுத்த டர்ன் வரை எரியட்டும். பலரும் முதல் வரைவில் இப்படி எழுதுவார்கள்: "எரியும் கட்டத்துக்குள் நுழையும் உயிரிக்கு 1டி6 டேமேஜ்." உடனே பார்ட்டி (ஆட்டக்காரர் குழு) எதிரியை உள்ளே தள்ளும், வெளியே இழுக்கும், மறுபடி தள்ளும். சரி என்று "ஒரு டர்னில் முதல் முறை நுழையும்போது" என்று மாற்றினாலும் ஓட்டை அடையாது. ஒவ்வொருவரின் டர்னும் தனி டர்ன் என்பதால், நான்கு பேர் ஆடினால் ஒரே ரவுண்டில் நான்கு முறை சுடும். நிற்கும் வாசகம் இது: "தன் டர்னை எரியும் கட்டத்தில் முடிக்கும் உயிரிக்கு 1டி6." இப்போது ரவுண்டுக்கு ஒரு முறைதான். அதைவிட முக்கியம், நகர்வதா சுடுபடுவதா என்று எதிரி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. விரட்டு என்ற வினை அங்கேதான் உயிர் பெறுகிறது.

பெரிய திறன்களுக்குச் செலவழிக்கும் பாயின்ட்டுகளை கிளாஸ் லெவலுக்குச் சமமாக வைத்து, ஷார்ட் ரெஸ்டில் (நாளின் நடுவே எடுக்கும் சிறு ஓய்வில்) திரும்பக் கொடுங்கள். நாளுக்கு இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்றால் 5ஆம் லெவலில் மொத்தம் 15 பாயின்ட். விலைப்பட்டியலைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். சார்சரர் கிளாஸ் தன் பாயின்ட்டைக் கொண்டு ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) உருவாக்கும் விலை கையிலேயே இருக்கிறது. 1ஆம் லெவல் ஸ்லாட்டுக்கு 2, 2ஆம் லெவலுக்கு 3, 3ஆம் லெவலுக்கு 5. ஃபயர்பால் அளவுக்கு 8டி6 வெடிப்பு 5 பாயின்ட் என்றால் நாளுக்கு மூன்று வெடிப்பு. அதே லெவல் விசார்டுக்கு 3ஆம் லெவல் ஸ்லாட் இரண்டு, ஆர்கேன் ரிகவரியில் (ஓய்வில் ஸ்லாட்டை மீட்கும் திறனில்) இன்னொன்று, அவருக்கும் மூன்றுதான். கணக்கு பொருந்துகிறது.

மலிவு போலவே கஞ்சத்தனமும் கெடுக்கும். 2014 கையேட்டில் வந்த நான்கு பூத மாங்க் அதற்கு உதாரணம். 3ஆம் லெவலில் மொத்தமே 3 கி (மாங்க்கின் பாயின்ட்). அதில் பர்னிங் ஹேண்ட்ஸ் என்ற 1ஆம் லெவல் மந்திரத்தின் அளவுள்ள ஒரு வீச்சுக்கு 2 கி போய்விடும். ஃப்ளரி (கூடுதல் குத்துகள்) அடிப்பதற்கும், தப்பி ஓடுவதற்கும் அதே பையிலிருந்துதான் எடுக்க வேண்டும். தன் அடையாளத்தைக் காட்டினால் ஏழையாகிவிடும் கிளாஸ் அது. அடையாளமான திறன் இலவசம், பெரிய திறனுக்கு மட்டும் பாயின்ட் என்று பிரித்தால் இந்தச் சிக்கல் வராது.

மல்டிகிளாஸில் (ஒரே கேரக்டர் பல கிளாஸ்களில் லெவல் எடுப்பதில்) ஒரு பொறி இருக்கிறது. ப்ரொஃபிஷியன்சி போனஸும், கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத மந்திரம்) டேமேஜும் கேரக்டரின் மொத்த லெவலைப் பார்த்து வளர்பவை. பாயின்ட்டுகளையோ வீச்சின் டைஸையோ அவற்றோடு கட்டினால், ஒரே ஒரு லெவல் எடுத்துவிட்டு வேறு கிளாஸுக்குப் போனவருக்கும் எல்லாம் தானாக வளரும். "இந்த கிளாஸில் 5, 11, 17ஆம் லெவல்களில்" என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

நெருப்பை மட்டும் நம்பி வந்தவர் டெவில் கூட்டத்துக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்பார். டெவில்களில் பெரும்பாலானவற்றுக்கு நெருப்பு இம்யூனிட்டி (டேமேஜே ஏறாத தன்மை) உண்டு. அதனால் 1ஆம் லெவலிலேயே இரண்டு பூதம் கொடுங்கள், 6ஆம் லெவலில் ரெசிஸ்டன்ஸை (டேமேஜ் பாதியாகும் தன்மையை) புறக்கணிக்க விடுங்கள். இம்யூனிட்டியை உடைக்க வேண்டாம். நெருப்பு எலிமென்டலையே எரித்துக் கொல்வது கேலிக்கூத்து.

மற்றவை வழக்கப்படி: ஹிட் டைஸ் (உயிர்ப் புள்ளிக்கான பகடை) டி8, சேவிங் த்ரோவில் கான்ஸ்டிடியூஷனோடு கரிஸ்மா, 3ஆம் லெவலில் சப்கிளாஸ், 4, 8, 12, 16, 19இல் திறன் உயர்வு. பறக்கும் திறன் 1ஆம் லெவலில் வேண்டவே வேண்டாம். பள்ளம், மதில், பொறி என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) திட்டமிட்டதெல்லாம் வீணாகும்.

சோதிக்கும்போது 1, 5, 11 ஆகிய மூன்று லெவல்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு சண்டை ஓட்டுங்கள்: சில்லறை எதிரிகள் கூட்டமாக ஒன்று, தனி பாஸோடு ஒன்று. அதே சண்டையை வார்லாக்கை வைத்தும் ஓட்டி, மொத்த டேமேஜையும் ஒரு டர்னுக்கு ஆகும் நேரத்தையும் குறித்துவையுங்கள். உங்கள் கிளாஸின் டர்ன் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு இழுத்தால் டைஸைக் குறைப்பதில் பயனில்லை, விளைவுகளில் ஒன்றை வெட்ட வேண்டும். ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நடப்பு கேம்பெயினில் இறக்குவதாக இருந்தால், எண்கள் இடையில் மாறலாம் என்று ஆட்டக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.