மழுங்கிய ஐஸ் ஸ்க்ரூவை அரத்தால் கூராக்குவது எப்படி?

ஐஸ் ஸ்க்ரூ என்பது பனிக்கட்டியில் ஏறுகிறவர்கள் பாதுகாப்புக் கயிற்றை மாட்டுவதற்காகத் திருகி இறக்கும், முனையில் பற்கள் உள்ள உலோகக் குழாய். உறைந்த அருவியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறு கையால்தான் ஸ்க்ரூவை ஏற்ற வேண்டும். கூரானது இரண்டு சுற்றில் பனிக்கட்டியைக் கவ்விவிடும். மழுங்கியது வழுக்கிக்கொண்டே இருக்கும், அதற்குள் கை சோர்ந்துவிடும். ஜனவரியில் பனி ஏற்றத்துக்காக இமாச்சலின் ஸ்பிதிக்குக் கிளம்புகிறவர்கள் இந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

தேவையானவை: சிறிய தட்டை அரம், மெல்லிய வட்ட அரம், வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி), மார்க்கர் பேனா. சாணை மெஷின் பக்கமே போகாதீர்கள். சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

முதலில் குழாயைப் பாருங்கள். வளைந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள், உயிர் தொங்குகிற சாமான் அது. நன்றாக இருந்தால் துணி சுற்றி, பற்கள் மேலே தெரியும்படி வைஸில் மாட்டுங்கள். அழுத்தி இறுக்கினால் குழாய் நசுங்கும்.

இனி விளக்கை ஒட்டிப் பிடித்துப் பல்லின் முனையைப் பாருங்கள். கூரான விளிம்பில் ஒளி தங்காது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். அந்தக் கோடு மறையும்வரைதான் நம் வேலை.

முனைக்குப் பின்னால் சரிந்து இறங்கும் பக்கத்தில் மார்க்கரால் மை பூசுங்கள். அரத்தை அந்தச் சரிவின்மேல் படுக்க வைத்து, முன்னோக்கி மட்டும் தள்ளி ராவுங்கள்; திரும்பும்போது தூக்கிவிடுங்கள். நாலைந்து தள்ளலுக்குப் பிறகு மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். சரிவு முழுக்க ஒரே சீராக அழிந்திருந்தால் கம்பெனி வெட்டிய கோணத்திலேயே போகிறீர்கள். ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் அரம் சாய்ந்திருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள். பெட்ஸல் கம்பெனியின் லிம்ஐஸ் போன்ற ஸ்க்ரூ தீட்டும் கருவி இருந்தால் கோணத்தைப் பற்றிய கவலை குறையும்.

பெரும்பாலான ஸ்க்ரூக்களில் நான்கு பற்கள் இருக்கும். நான்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அதனால் எதில் சேதம் அதிகமோ அதில் தொடங்கி, மற்றவற்றை அதன் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். குழாயின் வெளிப்பக்கத்தில் அரமே படக்கூடாது. துளையின் அகலத்தை அந்த வெளி விளிம்புதான் வெட்டுகிறது. அது குறைந்தால் ஸ்க்ரூ உள்ளே இறங்க முரண்டு பிடிக்கும்.

கடைசியில் உள்பக்கம் எழும்பிய பிசிறை வட்ட அரத்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். பிசிறு இருந்தால் உள்ளே வரும் பனிக்கட்டித் தண்டு சிக்கிக்கொள்ளும். இரும்புத்தூளைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, மூடி போட்டு வையுங்கள்.

முதல்முறை என்றால் பழைய ஸ்க்ரூ ஒன்றில் கை பழக்கிக்கொள்ளுங்கள். ராவி எடுத்த எஃகு திரும்ப வராது.