இணைய அடிமைத்தனத்தை ஆராய்வது எப்படி: ஏற்கெனவே உள்ள தரவிலிருந்து தொடங்கும் வழி

முதுகலை ஆய்வேட்டுக்கு இணைய அடிமைத்தனத்தைத் தலைப்பாக எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில் செல்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் உருவாக்கிய 20 கேள்விகள் கொண்ட அளவுகோலை எடுத்து, கூகுள் ஃபார்மில் ஏற்றி, வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விட்டு, வந்த பதில்களைக் கூட்டி, இத்தனை சதவீத மாணவர்கள் இணையத்துக்கு அடிமையாகியிருக்கிறார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அந்தச் சதவீதத்தை நம்பி ஒரு கல்லூரியோ ஒரு பெற்றோரோ முடிவெடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த படிவத்தை நிரப்பியவர்கள் அனைவரும் ஏற்கெனவே இணையத்தில் இருப்பவர்கள். நிரப்பாமல் விட்டவர்கள் யார் என்பது யாருக்கும் தெரியாது. இதைவிடப் பயனுள்ள தொடக்கம் ஒன்று உண்டு. முதலில் தேடல் நிலை ஆய்வு ஒன்றைச் செய்து, பிறர் திரட்டி வைத்திருக்கும் இரண்டாம் நிலைத் தரவைக் கொண்டு, கேட்கத் தகுந்த கேள்வி எது என்று கண்டறிவதே அது.

தேடல் நிலை ஆய்வின் விளைபொருள் ஒரு கேள்விதான் என்பதை ஆய்வாளர் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கருதுகோளைச் சோதிப்பதும், நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சிக்கல் இருக்கிறது என்ற பரவல் விகிதத்தைக் கணிப்பதும் அதன் வேலை அல்ல. இந்த எல்லையை ஏற்றுக்கொண்டால், குறைந்த செலவில் சில மாதங்களுக்குள் உருப்படியான வேலையைச் செய்ய முடியும்.

எதை அளக்கிறோம் என்பதைத் தீர்மானித்தல்

இந்தத் துறையில் இலக்கிய மதிப்பாய்வை வெறும் சடங்காகச் செய்யக் கூடாது, ஏனெனில் ஆய்வாளர்களே எதை அளப்பது என்பதில் இன்னும் உடன்படவில்லை. யங் 1996-இல் டொராண்டோவில் நடந்த அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் தம் ஆய்வை முன்வைத்தபோது, சூதாட்டப் பழக்கத்தைக் கண்டறியும் அளவைகளை மாற்றி அமைத்த எட்டுக் கேள்விகளைப் பயன்படுத்தினார்; 20 கேள்விகள் கொண்ட அளவுகோல் பிறகு வந்தது. அந்த எட்டில் ஐந்துக்கு ஆம் என்றவர்கள் அடிமைகளாகக் கணக்கிடப்பட்டனர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, இணைய விளையாட்டுக் கோளாறை மட்டும், அதுவும் மேலும் ஆராயப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்து, ஒன்பது அறிகுறிகளில் ஐந்து 12 மாத காலத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது விளையாட்டுக் கோளாறை ஒரு நோயாகவே ஏற்றது. ஆனால் பொதுவான இணைய அடிமைத்தனம் என்ற பெயரில் தனி நோய் இந்த இரண்டிலும் இல்லை. ஆகவே, விளையாட்டையா, சமூக ஊடகத்தையா, ஆபாசக் காணொளியையா, பொதுவாகப் போனைக் கீழே வைக்க முடியாத நிலையையா, எதை ஆராயப்போகிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

படிக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் எக்செல்லில் ஒரு வரியை ஒதுக்குங்கள். பயன்படுத்திய அளவுகோல், எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் அடிமை என்று கொள்ளும் வெட்டுப்புள்ளி, மதிப்பெண் கணக்கிட்ட முறை, பதிலளித்தவர்களின் வயது, அவர்களைத் தேர்ந்த விதம், தரவு திரட்டிய ஆண்டு, கிடைத்த விகிதம் ஆகியவை அதன் நெடுவரிசைகளாக அமையட்டும். இருபது கட்டுரைகளை இப்படிப் பதிந்ததும் விகிதங்கள் ஏன் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். யங்கின் 20 கேள்விகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டால் கூட்டுத்தொகை 20-இலிருந்து 100 வரை வரும். சுழியத்திலிருந்து ஐந்து வரை இடுவோருக்கு அது சுழியத்திலேயே தொடங்கும். 80-க்கு மேல் பெற்றவரையே சிலர் அடிமை என்கிறார்கள். 50-க்கு மேல் பெற்றவர்களை எல்லாம் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். 31-க்கு மேல் பெற்றவர்களையும் இலேசான அடிமைத்தனம் என்று கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. ஒரே வகுப்பின் ஒரே விடைத்தாள்களிலிருந்து மூன்று வெவ்வேறு தலைப்புச் செய்திகளை உருவாக்கிவிடலாம் என்பதால், வெட்டுப்புள்ளி குறிப்பிடப்படாத எந்த விகிதத்தையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணிக்கும் தொகுப்பாய்வுகளைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். செங், லி ஆகிய இருவர் 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 31 நாடுகளைச் சேர்ந்த 89,281 பேரின் தரவைச் சேர்த்து, பரவல் விகிதம் 6.0 சதவீதம் என்று கணித்தது. வடக்கு, மேற்கு ஐரோப்பாவில் அது 2.6 சதவீதமாகவும் மத்தியக் கிழக்கில் 10.9 சதவீதமாகவும் இருந்தது. தேடல் நிலையில் இருக்கும் ஆய்வாளருக்கு 6.0 என்ற எண்ணைவிட, வட்டாரங்களுக்கிடையே உள்ள அந்த நான்கு மடங்கு வேறுபாடு எதனால் என்ற கேள்வியே பெரும்பயன் தரும்.

தரவு எங்கே இருக்கிறது, எதைச் சொல்லும்

இந்திய இளையோரை ஆராய்பவர் பயன்படுத்தக்கூடிய பொதுத்தரவு நாம் நினைப்பதைவிட அதிகம். ஆனால் அவற்றில் ஒன்றுகூட அடிமைத்தனத்தை அளப்பதற்காகத் திரட்டப்பட்டதல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வில், இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியதுண்டா என்று கேட்கப்பட்டது; நாடு முழுவதும் பெண்களில் 33.3 சதவீதமும் ஆண்களில் 57.1 சதவீதமும் ஆம் என்றனர். யாரிடம் இணையம் எட்டியிருக்கிறது என்பதை இது சொல்லும். நாள்தோறும் எவ்வளவு நேரம், என்ன மனநிலையில் என்பதைச் சொல்லாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் காலாண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகள் இணைப்புகளை எண்ணுகின்றன, ஆட்களை அல்ல. இரண்டு சிம் வைத்திருப்பவர் இரண்டாகிறார், அம்மாவின் போனில் விளையாடும் பிள்ளை கணக்கிலேயே வருவதில்லை. கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் அசர் அறிக்கை 2024-ஆம் ஆண்டில் கிராமப்புறத்து 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டதில், 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. முந்தைய வாரத்தில் கல்விக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். நகரத்துப் பிள்ளைகள் அதில் இல்லை என்பதை உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.

என் பார்வையில் இந்தத் தலைப்புக்கு மிகவும் கைகொடுப்பது, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இலும் 2024-இலும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு நாளின் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை என்னென்ன செய்தார்கள் என்பதை அரைமணிக் கூறுகளாகப் பதிவுசெய்த ஆய்வு இது. தனிநபர் அளவிலான தரவை ஆய்வாளர்கள் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் தரவுக் கோப்பைத் திறப்பதற்கு முன், வினாப்பட்டியலையும் களப்பணியாளர்களுக்கான வழிகாட்டிக் கையேட்டையும் முழுக்கப் படித்துவிடுங்கள். ஒரே அரைமணியில் பல வேலைகள் நடந்திருந்தால் மூன்று வரை பதிந்து, அவற்றில் ஒன்றை முதன்மையானதாகக் குறிக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. இரவுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கும் ஒரு பிள்ளையை எண்ணிப்பாருங்கள். சாப்பாடு முதன்மை வேலையாகப் பதிவாகியிருக்கும். முதன்மை வேலைகளை மட்டும் கூட்டும் ஆய்வாளரின் அட்டவணையில் அந்தப் பிள்ளையின் போன் நேரம் மறைந்துவிடும். அடிமைத்தனம் பற்றிய கவலை எழுவதே இப்படி ஒரு வேலைக்குள் இன்னொன்று நுழையும் இடங்களில்தான் என்பதால், உடன்நிகழும் வேலைகளையும் சேர்த்து ஒரு கணக்கு, சேர்க்காமல் ஒரு கணக்கு என இரண்டையும் போட்டு, வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டுங்கள். பிள்ளைக்குப் பதிலாக வீட்டிலுள்ள வேறொருவர் பதில் சொல்லியிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நள்ளிரவில் பார்த்தது அம்மாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு பதிலாளரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்று காட்டும் மாதிரி எடையைப் பெருக்காமல் எந்தச் சராசரியையும் வெளியிடாதீர்கள்.

வெளிநாட்டுத் தரவும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கனடாவிலும் பள்ளி மாணவர்களின் உடல்நலப் பழக்கங்களைக் கேட்டறியும் எச்பிஎஸ்சி ஆய்வில் சமூக ஊடகப் பயன்பாட்டின் சிக்கலை அளக்கும் ஒன்பது கேள்விகள் உண்டு. அதன்படி சிக்கலான பயன்பாடு 2018-இல் 7 சதவீதமாக இருந்து 2022-இல் 11 சதவீதமானது. கேள்விகளும் முறையும் ஒன்றாக இருப்பதால் ஆண்டுகளை ஒப்பிட முடிகிறது. அதை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்தக் கூடாது. கேள்வி அமைப்பைக் கற்றுக்கொள்ள அது நல்ல பாடம்.

ஒரே தரவு, இரண்டு முடிவுகள்

இரண்டாம் நிலைத் தரவில் உள்ள பெரும் ஆபத்தை 2019-இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கி ஆகியோர் செய்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. அமெரிக்காவின் இரண்டு பெரிய தரவுத் தொகுதிகளையும் பிரிட்டனின் ஒன்றையும் சேர்த்து 355,358 பதின்ம வயதினரின் தரவை அவர்கள் எடுத்தார்கள். எந்தக் கேள்வியை நலவாழ்வாகக் கொள்வது, எதைத் திரை நேரமாகக் கொள்வது, எந்தக் காரணிகளைக் கட்டுப்படுத்துவது என்று ஆய்வாளர் எடுக்கக்கூடிய நியாயமான முடிவுகளை எல்லாம் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். டிஜிட்டல் பயன்பாடு நலவாழ்வு வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தையே விளக்குகிறது என்று வந்தது. அதே அமெரிக்கத் தரவை முன்பு பயன்படுத்தியவர்கள், திரை நேரம் பிள்ளைகளின் மனநலத்தைக் கடுமையாகக் குலைக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தனர். இத்தனை பெரிய மாதிரியில் மிகச் சிறிய ஒட்டுறவுகூட (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் அளவு) புள்ளியியல்படி முக்கியமானதாகத் தெரியும். ஆகவே தொடர்பு உண்டா என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு பெரியது என்றும் கேட்க வேண்டும். தரவைத் திறப்பதற்கு முன்பே எந்த மாறிகளை, அதாவது அளக்கப்பட்ட எந்தத் தகவல்களை, எப்படிப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று தேதியிட்டு எழுதி வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு மாற்ற நேர்ந்தால் மாற்றத்தையும் காரணத்தையும் எழுதுங்கள்.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். தாங்களே சொன்ன பயன்பாட்டு நேரத்தையும் கருவியில் பதிவான நேரத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2021-இல் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (முழுப் பொருத்தம் 1) 0.38 மட்டுமே என்று தெரிந்தது. அடிமைத்தன அளவுகோல்களுக்கும் பதிவான நேரத்துக்கும் உள்ள ஒட்டுறவு அதைவிடக் குறைவு. தன்னை அடிமை என்று எண்ணுவதும் நீண்ட நேரம் பயன்படுத்துவதும் வேறுவேறு நிகழ்வுகள் என்று கொண்டு, இரண்டையும் தனித்தனியாகவே கையாளுங்கள்.

மனிதர்களிடம் பேசுதல்

எண்கள் காட்டும் இடைவெளிகளை நிரப்ப ஒரு சிலரிடம் நீண்ட நேரம் பேச வேண்டும். விடுதிக் காப்பாளர், பள்ளி ஆலோசகர், அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர், தெருமுனை ரீசார்ஜ் கடைக்காரர் ஆகியோர் ஒவ்வொருவரும் வேறொரு பக்கத்தைப் பார்க்கிறார்கள். மாணவர்களிடம், நீ இணையத்துக்கு அடிமையா என்று கேட்டால் ஒப்புக்கொள்வார்கள் அல்லது மறுப்பார்கள். ஆய்வுக்கு ஒன்றும் கிடைக்காது. நேற்று ராத்திரி கடைசியாக போனில் என்ன பார்த்தீர்கள், கீழே வைத்தது எதனால், டேட்டா தீர்ந்ததாலா, தூக்கம் வந்ததாலா, யாராவது திட்டியதாலா என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே பதிவுசெய்யுங்கள். பிற்பாடு தமிழில் அளவுகோல் அமைக்கும்போது அந்தச் சொற்கள்தாம் கேள்விகளாக மாறும்.

மருத்துவமனைப் பதிவேடுகளும் நல்ல தரவு. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014 முதல் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே ஷட் என்னும் தனி மருத்துவப் பிரிவு இயங்கிவருகிறது. ஆனால் அத்தகைய இடங்களுக்கு வருபவர்கள் சிகிச்சை தேடி வந்தவர்கள் அல்லது பெற்றோர் அழைத்துவந்தவர்கள். வராதவர்களைப் பற்றி அந்தப் பதிவேடு எதுவும் பேசாது.

18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் பேசுவதாக இருந்தால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், பிள்ளையின் சொந்த இசைவு மூன்றும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆரின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இதை விரிவாகக் கூறுகின்றன. சமூக ஊடகக் குழுக்களில் பிறர் எழுதியதை வெட்டி ஒட்டுவதும் தரவு திரட்டலே. பெயரை நீக்கினாலும் வாசகத்தைத் தேடினால் ஆள் அகப்பட்டுவிடுவார் என்பதால், அவற்றை நேரடியாக மேற்கோள் காட்டாமல் கருத்தை மட்டும் எழுதுங்கள். பேச்சின்போது ஒருவர் தற்கொலை எண்ணத்தையோ பெருங்கடனையோ வெளியிட்டால் நேர்காணலை அங்கேயே நிறுத்திவிட்டு உதவிக்கு வழிகாட்டுவது ஆய்வாளரின் கடமை. அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண்ணான 14416 கையில் இருக்கட்டும்.

கேள்வியை வந்தடைதல்

சட்டங்களும் குழு அறிக்கைகளும் இந்தக் கட்டத்தில் மிகவும் உதவும். தென்கொரியா 2011-இல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளை ஆடத் தடை விதித்து, பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தச் சட்டத்தை நீக்கியது. தமிழ்நாட்டில் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022-இல் அறிக்கை அளித்ததைத் தொடர்ந்து இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் வந்தது. 2025-இல் வந்த விதிமுறைகள் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை விதித்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்தது. தடைக்கு முன்னும் பின்னும் திரட்டப்பட்ட தரவு இருக்குமானால், நேரத்தைக் கட்டுப்படுத்தினால் பழக்கம் குறைகிறதா அல்லது வேறொரு செயலிக்கு இடம் மாறுகிறதா என்று கேட்க முடியும்.

இப்படித் தரவும் சட்டமும் பேச்சும் சந்திக்கும் இடத்தில் கேள்வி கூர்மையாகும். எத்தனை மாணவர்கள் அடிமையானார்கள் என்று தொடங்கிய ஆய்வு, விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர்களுக்குத் தூக்கம் கெட்ட பிறகு இரவுப் போன் பயன்பாடு கூடுகிறதா, போன் கூடிய பிறகு தூக்கம் கெடுகிறதா என்ற இடத்துக்கு வந்து சேரலாம். ஒரே முறை எடுத்த தரவால் இதற்கு விடை சொல்ல முடியாது. அதே மாணவர்களிடம் பருவம் முழுவதும் பலமுறை கேட்க வேண்டும், அவர்கள் இசைந்தால் போனின் திரை நேரப் பதிவையும் பெற வேண்டும். அறிக்கையின் கடைசி இயலில் அந்தக் கேள்வியையும், அதற்குத் தேவையான மாதிரி, கருவி, கால அளவு ஆகியவற்றையும் எழுதுங்கள். கையில் இருந்த தரவால் ஏன் விடையளிக்க முடியவில்லை என்பதற்கான காரணங்களை ஒவ்வொரு அட்டவணைக்கும் கீழேயே குறிப்பிட்டு, மாறிகளின் பட்டியலையும் கணக்கீட்டுக் கோப்பையும் இணைப்பாகச் சேர்த்துக் கொடுத்தால், அடுத்த ஆண்டு இதே தலைப்பை எடுக்கும் மாணவர் அந்த இடத்திலிருந்தே வேலையைத் தொடரலாம்.