வாடிக்கையாளர் விஆர்எஃப், பொதுச் சேவை விஆர்எஃப்: இரண்டுக்கும் இடையே ரூட் பகிர்வது எப்படி?

ஒரே ரவுட்டரில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு விஆர்எஃப் (ரவுட்டருக்குள் தனியாக இயங்கும் ரூட்டிங் டேபிள்) கொடுத்துவிட்டால் ஒருவர் ரூட் இன்னொருவர் கண்ணில் படாது. இருவருக்கும் பொதுவாக ஒரு டிஎன்எஸ் சர்வர் தர வேண்டி வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சர்வரை மூன்றாவது விஆர்எஃப்பில் வைத்து, இருவரும் அங்கே போய்வர வழி செய்ய வேண்டும். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் எட்டக் கூடாது. வேலை முழுவதும் அந்த 'ஆனால்' என்பதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரூட் டிஸ்டிங்விஷர், ரூட் டார்கெட் இரண்டின் சுருக்கமும் தமிழில் 'ஆர்டி' என்றே வரும் என்பதால் முழுப்பெயரையே எழுதுகிறேன். டிஸ்டிங்விஷர், ரூட்டின் முன்னால் சேரும் 8 பைட் முன்னொட்டு. இரண்டு பேரிடமும் 10.1.1.0/24 இருந்தால், பிஜிபி (ரூட்களைப் பரிமாறும் நெறிமுறை) அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க உதவும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. எந்த ரூட் எந்த விஆர்எஃப்புக்குள் போகலாம் என்று தீர்மானிப்பது டார்கெட். அது ரூட்டில் ஒட்டும் சீட்டு மாதிரி: எக்ஸ்போர்ட் (ஏற்றுமதி) அதை ஒட்டும், இம்போர்ட் (இறக்குமதி) அந்த எண் உள்ள ரூட்டை எடுத்துக்கொள்ளும்.

படி 1: எண்களைத் தாளில் எழுதுங்கள்

வாடிக்கையாளர் அ: 10.1.1.0/24, சொந்த டார்கெட் 65000:101
வாடிக்கையாளர் ஆ: 10.2.2.0/24, சொந்த டார்கெட் 65000:102
பொதுச் சேவை: 192.168.100.0/24
வாடிக்கையாளர்களிடமிருந்து சேவைக்கு: 65000:500
சேவையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு: 65000:501

போக ஓர் எண், வர ஓர் எண். இரண்டுக்கும் 500 என்றே வைத்தால், அ அனுப்பும் ரூட்டை ஆ நேரடியாக இறக்குமதி செய்துவிடும். பிங் எல்லாம் போகும், யாரும் புகார் சொல்லமாட்டார்கள், பிரிவினை மட்டும் போயிருக்கும்.

படி 2: விஆர்எஃப்

சிஸ்கோ ஐஓஎஸ் கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கருவியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

விஆர்எஃப் டெஃபினிஷன் கஸ்ட்-ஏ
 ஆர்டி 65000:101
 அட்ரஸ்-ஃபேமிலி ஐபிவி4
 ரூட்-டார்கெட் எக்ஸ்போர்ட் 65000:101
 ரூட்-டார்கெட் இம்போர்ட் 65000:101
 ரூட்-டார்கெட் எக்ஸ்போர்ட் 65000:500
 ரூட்-டார்கெட் இம்போர்ட் 65000:501

(இதில் 'ஆர்டி' டிஸ்டிங்விஷர்.) கஸ்ட்-பி இதேபோல, 101 வரும் இடத்தில் 102. சேவை விஆர்எஃப்புக்குத் தனி டிஸ்டிங்விஷர் கொடுத்து, 500-ஐ இம்போர்ட், 501-ஐ எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒரு விஆர்எஃப் இறக்குமதி செய்த ரூட்டை அங்கிருந்து மறுபடி ஏற்றுமதி செய்யாது. அதனால் அ-வின் ரூட் சேவை வழியாகச் சுற்றி ஆ-வுக்குப் போகாது.

படி 3: இன்டர்ஃபேஸ்

'விஆர்எஃப் ஃபார்வர்டிங் கஸ்ட்-ஏ' என்று அடித்ததும் அந்த இன்டர்ஃபேஸில் இருந்த ஐபி முகவரி அழிந்துவிடும். அதைத் திரும்பப் போடுங்கள். தொலைவிலிருந்து அதே இன்டர்ஃபேஸ் வழியாக நுழைந்திருந்தால் இதைத் தொடாதீர்கள்.

படி 4: பிஜிபி

ஒரே பெட்டிக்குள் பகிர்வதானாலும் பிஜிபி தேவை, நெய்பர் (ரூட் பரிமாறும் எதிர் ரவுட்டர்) தேவையில்லை. ஒவ்வொரு விஆர்எஃப்பின் அட்ரஸ்-ஃபேமிலியிலும் 'ரீடிஸ்ட்ரிபியூட் கனெக்டட்' (நேரடியாக இணைந்த நெட்வொர்க்குகளை பிஜிபிக்குள் சேர்ப்பது) கொடுங்கள். எல்லா இன்டர்ஃபேஸும் விஆர்எஃப்புக்குள் போய்விட்டால் ரவுட்டர் ஐடியை (பிஜிபியில் ரவுட்டரின் அடையாள எண்) கையால் கொடுக்க வேண்டியிருக்கும்.

படி 5: சோதனை

'ஷோ ஐபி ரூட் விஆர்எஃப் கஸ்ட்-ஏ' பாருங்கள். 192.168.100.0/24 'பி' என்ற குறியோடு, நேரடியாக இணைந்தது என்று, அடைப்புக்குறிக்குள் சேவை விஆர்எஃப்பின் பெயரோடு வரும். சேவை விஆர்எஃப்பில் 10.1.1.0, 10.2.2.0 இரண்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதில் திரும்பி வராது. பிங்கை வாடிக்கையாளர் பக்கக் கணினியிலிருந்து சர்வருக்கு அடியுங்கள், ரவுட்டரின் சொந்த முகவரிக்கு வேண்டாம். பலரும் விட்டுவிடும் சோதனை ஒன்று: கஸ்ட்-பி டேபிளில் 10.1.1.0 *இல்லை* என்று பார்ப்பது.

டிஃபால்ட் ரூட் கசிவு

சேவை விஆர்எஃப்பில் ஒரு ஃபயர்வாலை நோக்கி டிஃபால்ட் ரூட் (வேறு ரூட் எதுவும் பொருந்தாதபோது போகும் வழி) இருந்து, அதுவும் 501 வழியாகப் பரவினால், அ-விலிருந்து 10.2.2.0-க்குக் கிளம்பும் பாக்கெட் ஃபயர்வாலுக்குப் போகும். ஃபயர்வால் அதைச் சேவை விஆர்எஃப்புக்கே திருப்பி அனுப்பினால், அங்கே ஆ-வின் ரூட் தயாராக இருக்கிறது. பாக்கெட் போய்ச் சேர்ந்துவிடும். டேபிளைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால் சேவை விஆர்எஃப்பில் 501-க்கான எக்ஸ்போர்ட் வரியை எடுத்துவிட்டு, எக்ஸ்போர்ட் மேப் (எந்த ரூட்டுக்கு எந்த டார்கெட் என்று சொல்லும் விதி) வைத்து 192.168.100.0/24-க்கு மட்டும் 501 ஒட்டுங்கள், ஃபயர்வாலிலும் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் போக்குவரத்தைத் தடுங்கள்.

இரண்டு வாடிக்கையாளரும் 10.1.1.0/24-ஐயே வைத்திருந்தால் இந்த முறை அப்படியே உதவாது. சேவை விஆர்எஃப் அந்த முகவரிக்கு ஒரு பக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்கும், மற்றவருக்கான பதில் தவறான ஆளிடம் போகும். அப்போது வாடிக்கையாளர் பக்கத்திலேயே நாட் (முகவரி மாற்றம்) செய்து, ஆளுக்கொரு தனி முகவரித் தொகுதியை மட்டும் 500-இல் அனுப்ப வேண்டும்.