கோணமலைப் பதிகத்துக்குச் சுரக்குறிப்பு தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

திருகோணமலையில் சங்கீதம் படிக்கும் பிள்ளைகளும், கோயில் விழாவுக்குப் பாட்டுப் பழக்கும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி: "இந்தப் பாட்டுக்கு சுரக்குறிப்பு எங்கே எடுக்கலாம்?" பாட்டின் மெட்டை ச, ரி, க என்று எழுத்தில் எழுதிவைப்பதுதான் சுரக்குறிப்பு. யூடியூப்பில் கேட்டு எழுதிக்கொள்வதுதான் வழக்கமான பதில். அதில் தப்பில்லை. ஆனால் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் கிடப்பது அதைவிடப் பல மடங்கு. தேடும் முறையை ஒரே ஒரு பாட்டை வைத்துப் பார்ப்போம். நம் ஊர்ப் பாட்டே இருக்கட்டும்: சம்பந்தர் கோணமலை மீது பாடிய பதிகம்.

படி 1: முதலில் அரைப் பக்கக் குறிப்பு

நூலகப் பட்டியலில் புத்தகத்தின் பெயர் இருக்கும், உள்ளே இருக்கும் பாட்டின் பெயர் பெரும்பாலும் இராது. அதனால் வெறும் முதலடியோடு போனால் நூலகரும் கையை விரிப்பார். போகுமுன் இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள்: முதலடி 'நிரைகழல் அரவம்', மூன்றாம் திருமுறை, 123ஆம் பதிகம், பண் (பழந்தமிழ் இசையில் ராகம் போன்றது) புறநீர்மை. இந்தப் பண்ணை இப்போது பெரும்பாலும் பூபாள ராகத்தில் பாடுகிறார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: மூன்று தட்டுகளையும் பாருங்கள்

பொது நூலகங்களில் புத்தகங்கள் தூயி தசம முறையில் அடுக்கப்பட்டிருக்கும். இசைக்கு 780. பலர் அங்கே மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று திரும்பிவிடுகிறார்கள். தேவாரப் பதிப்பு இந்து சமயத்துக்குரிய 294.5இல் இருக்கலாம், தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811இலும் இருக்கலாம். சுரப்படுத்திய தேவாரப் புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது என்பது நூலகரின் முடிவு. மூன்றையும் பாருங்கள்.

படி 3: மலர்களைக் கேளுங்கள்

என் கணக்கில் உண்மையான புதையல் இங்கேதான். கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சங்கீத சபைகளின் ஆண்டு மலர், ஒருவர் இறந்த 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவு மலர். இவை கடையில் விற்பனைக்கு வருவதில்லை, நூலகத் தட்டிலும் எப்போதும் நிற்பதில்லை, பெட்டியில் கட்டி வைத்திருப்பார்கள். கோயில் மலரில் அந்தத் தலத்துப் பதிகமும் ஊஞ்சற் பாட்டும் இருக்கும். இறந்தவர் சங்கீத ஆசிரியர் என்றால், அவர் மெட்டமைத்த பாட்டுகளைப் பிள்ளைகள் நினைவு மலரில் அச்சிட்டிருக்கலாம். வேறெங்கும் அச்சாகாத பாட்டாகவும் அது இருக்கும். "இசைப் புத்தகம் இருக்கா?" என்று கேட்காமல், "பழைய மலர்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

தேவாலயங்களையும் விட்டுவிடாதீர்கள். மெதடிஸ்த மிஷன் இலங்கைக்கு வந்தது 1814இல். பழைய ஞானப்பாட்டுப் புத்தகங்களில் ஐந்து கோட்டு மேலைத்தேயக் குறிப்போ, டோனிக் சொல்ஃபா (டோ, ரே, மீ முறை) எழுத்துகளோ இருந்தால், அவையும் நீங்கள் தேடும் வகைதான்.

படி 4: வீட்டிலிருந்தே தேடுவது

நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் 2005இலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கிறது. சிறப்பு மலர், நினைவு மலர், பிரசுரம் எல்லாம் தனித்தனியாகப் பிரித்திருப்பதால் மூன்றாம் படியின் பெரும்பகுதியைப் போனிலேயே முடிக்கலாம். ஒலிப்பதிவு, படங்களுக்கு அவர்களுடைய ஆவணகம் தளம். இந்தியப் பதிப்புகளுக்குத் தமிழ் மின்நூலகம். பழைய இசைத்தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் வேண்டுமானால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, கோணேசர், கோணேஸ்வரம். அதேபோல ராகம், இராகம், சுரம், ஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் வேறு முடிவுகள் வரும்.

படி 5: ஆய்வு நூல்கள்

பாட்டு கிடைத்ததும் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். புறநீர்மைக்குப் பூபாளம் என்று ஏன் சொல்கிறார்கள் என்று தெரியவேண்டும் அல்லவா? சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல் (1947) எடுங்கள். அதில் 'தேவாரவியல்' என்று ஒரு பகுதியே இருக்கிறது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917) இன்னொன்று. இரண்டும் லேசான வாசிப்பு இல்லை, முதலில் உங்கள் பண்ணின் பெயர் வரும் பக்கங்களை மட்டும் படியுங்கள். பட்ட ஆய்வேடுகளுக்கு மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு பஸ் இருக்கிறது. போகுமுன் போன் போட்டு, வெளியாருக்கு அனுமதி உண்டா, என்ன அடையாள அட்டை வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

படி 6: கையில் கிடைத்ததைச் சோதிப்பது

சரி, சுரக்குறிப்பு கிடைத்துவிட்டது. உடனே பாட வேண்டாம், முதலில் கண்ணால் பாருங்கள். 'ச' ஓர் அளவு, 'சா' இரண்டு. கமா ஓர் அளவு நீட்டும், அரைப்புள்ளி இரண்டு. ஒற்றைக் கோடு தாள அங்கத்தின் (தாளத்தின் ஒரு பகுதி) முடிவு, இரட்டைக் கோடு ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடிவு. எழுத்துகளுக்கு மேலே நீளமாகக் கோடு போட்டிருந்தால் அந்த இடம் இரட்டிப்பு வேகம்.

புள்ளிதான் தொல்லை. எழுத்தின் மேல் புள்ளி மேல் ஸ்தாயி, கீழ்ப் புள்ளி கீழ் ஸ்தாயி. பழைய தாளை ஸ்கேன் செய்தால் புள்ளி மறையும், தூசி புள்ளியாகத் தோன்றும். மேற்புள்ளி வைத்த 'ச' பார்வைக்கு மெய்யெழுத்து 'ச்' போலவே இருப்பதால் தட்டச்சு செய்தவரும் குழம்பியிருப்பார். முன்பின் சுரங்களைப் பாருங்கள்: 'ப த' என்று ஏறி வந்து, அடுத்து 'ச' என்றால் அது பெரும்பாலும் மேல் 'ச' தான்.

இப்போது முதல் படியில் எழுதிய ராகம் உதவும். பூபாளத்தில் ச, ரி, க, ப, த ஐந்துதான். உங்கள் தாளில் 'ம' அல்லது 'நி' தென்பட்டால் அச்சுப்பிழையாக இருக்கலாம், அல்லது அவர் வேறு ராகத்தில் அமைத்திருக்கலாம். தலைப்பில் என்ன ராகம் போட்டிருக்கிறது என்று திரும்பப் பாருங்கள். எந்த 'ரி', எந்த 'க' என்பதைக் குறிப்பு வழக்கமாகச் சொல்லாது, தலைப்பு ராகத்தை வைத்துத்தான் தெரியும். தலைப்பு கிழிந்த பிரதி என்றால் வேறு பிரதி தேடுங்கள்.

இன்னொரு சுரப்படுத்தலும் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு கட்டாயம் இருக்கும். பதிகம் சம்பந்தருடையது, சுரக்குறிப்போ அதை எழுதியவர் கேட்ட, பழகிய பாடம்.

படி 7: பிரதி எடுப்பது

இதனால்தான் உரிமையையும் இரண்டாகப் பார்க்கவேண்டும். தேவாரத்துக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. சுரப்படுத்தியவருக்கு உரிமை இருக்கலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை. விபுலாநந்தர் 1947இல் மறைந்ததால் அவர் எழுத்துக்கு அந்தக் காலம் 2017இலேயே முடிந்தது. உங்கள் சங்கீத ஆசிரியரின் ஆசிரியர் எழுதியதென்றால், புத்தகமாகப் போடுமுன் அவர் குடும்பத்திடம் கேளுங்கள்.

காப்பகத்தில் பேனா வேண்டாம், பென்சில் மட்டும். போனில் படம் எடுக்க அனுமதி கேளுங்கள், ஃபிளாஷை நிறுத்துங்கள். முதலில் அட்டை, அடுத்து பதிப்பு விபரமுள்ள பக்கம், கடைசியாகப் பாட்டு என்ற வரிசையில் எடுங்கள். போட்டோக்கொப்பி என்றால் அங்கிருந்து கிளம்புமுன்னே அதன் பின்பக்கத்தில் நூற்பெயர், ஆண்டு, பக்கம், சுரப்படுத்தியவர், பிரதி இருக்கும் இடம், தட்டு எண் ஆகியவற்றை எழுதிவிடுங்கள்.