எட்டு மணியானால் படுத்துவிடும் வைஃபை
கோலாலம்பூர் செந்தூலில் 12ஆம் மாடியில் எங்கள் வீடு. இரவு 8 மணியானால் வைஃபை படுத்துவிடும். மகளின் இணைய டியூஷன் பாதியில் உறைந்து நிற்கும். சேவை நிறுவனத்தை இரண்டு முறை அழைத்தேன். "ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். அது எனக்கே தெரியும்.

மடிக்கணினியைக் கம்பி வழியாக ரவுட்டரில் செருகிப் பார்த்தேன். முழு வேகம். அப்படியென்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறையில்லை; காற்றில்தான் கோளாறு. கைப்பேசியில் வைஃபை ஆய்வுச் செயலியைத் திறந்ததும் தலை சுற்றியது. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் பாதிக்கு மேல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதிலும் 6ஆம் சேனல் என்ற ஒரே தடத்தில். எங்களுடையதும் அங்கேயே! ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க அங்கே 1, 6, 11 என்று மூன்று சேனல்கள்தான். 11க்கு மாற்றினேன், பகலில் வேகம் கூடியது.

எட்டு மணித் தொல்லை மட்டும் விடவில்லை. அம்மா மீன் குழம்பை மைக்ரோவேவில் சூடாக்கும் நேரம் அது. அந்த அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது; அதன் அலை கசிந்து வைஃபையைக் குலைக்கும். ரவுட்டரோ அதற்குப் பக்கத்து அலமாரியில். நீளமான கம்பி வாங்கி ரவுட்டரைக் கூடத்துக்கு நகர்த்தினேன். மகளின் கணினியை அடுப்பின் தொல்லை எட்டாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைத்தேன். இப்போது குழம்பும் கொதிக்கிறது, வகுப்பும் நடக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவரைக் கடக்கத் திணறும் என்பதால் அறைக்கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் எங்கே கேட்கிறாள்!