புதுச்சேரி – கொடைக்கானல் – கம்பம் – தேக்கடி: இருவர், ஒரு கார், ஐந்து நாள்

மலை, ஏரி, திராட்சைத் தோட்டம் மூன்றையும் ஒரே சுற்றில் பார்க்க நாசிக் வரை ஓட வேண்டியதில்லை. கொடைக்கானல் ஏறி, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, தேக்கடி ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்காக எழுதுவது இது. அறை பிடிப்பது, துணி எடுத்து வைப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும்: அறை எடுக்கும்போது இருவரின் அடையாள அட்டையும் கேட்பார்கள், அசலையே கொண்டுபோங்கள்.

கம்பம் திராட்சை நாடுதான். ஆனால் ருசிபார்க்கும் கூடமும் சுற்றிக்காட்ட ஆளும் இருக்கும் ஒயின் சுற்றுலா இங்கே கிடையாது, அதற்கு நாசிக்கோ பெங்களூரை ஒட்டிய நந்தி மலைப் பக்கமோதான் போக வேண்டும். இங்கே இருப்பது பந்தலும் பழமும் சாறும்.

படி 1: வண்டி

கடற்கரை வண்டிகளுக்கு ஒரு தனி வியாதி உண்டு. உப்புக் காற்றில் பிரேக் காலிப்பரின் (சக்கரத்து டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பின்கள் துரு ஏறி இறுகிவிடும். ஊருக்குள் நாற்பதில் ஓட்டும்போது தெரியாது. மலை இறக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே இருந்து சூடேறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மெக்கானிக்கிடம் "பிரேக் பார்த்துக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் பேடு கனத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். "காலிப்பர் பின்னைக் கழற்றிச் சுத்தம் பண்ணி கிரீஸ் வையுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் இந்த அளவு 155 வரை இறங்கிவிடும். இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி விட்டால் பிரேக் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. டயர் காற்று, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான். மலைக்குப் போகிறோம் என்று குறைக்க வேண்டாம். காலையில் டயர் சூடேறுவதற்கு முன் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.

படி 2: இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். பணம் இல்லை. அரசின் இ-பாஸ் தளத்தில் செல்பேசி எண் கொடுத்து, ஓடிபி போட்டு, கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண், எத்தனை பேர், வரும் நாள், கிளம்பும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றை நிரப்பினால் கியூஆர் குறியோடு பாஸ் வரும்.

சிக்கிக்கொள்ளும் இடங்கள் மூன்று. தங்கும் முகவரி கேட்பதால் முதலில் அறை, பிறகு பாஸ். அடுத்தது வண்டி எண். பிஒய் 01 என்பதில் சுழியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டிவிட்டால் பாஸில் இருக்கும் எண் ஒன்று, வண்டியில் இருக்கும் எண் வேறொன்று ஆகிவிடும். மூன்றாவது கடலூர்க்காரர்களுக்கு: டிஎன் 31 தமிழ்நாட்டு வண்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். விலக்கு உள்ளூர் வண்டிகளுக்குத்தான்.

2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் உச்சவரம்பே வைத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை போவதென்றால் முதல் நாள் இரவு உட்கார்ந்து பாஸ் தேடாதீர்கள். என்னைக் கேட்டால் அந்த மூன்று மாதமே வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மண் சரியும். ஜனவரி முதல் மார்ச் வரை பொங்கல் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். பாஸைப் படமாகச் சேமித்து இருவர் போனிலும் வையுங்கள்.

படி 3: கிளம்பும் முன் டிக்கியைப் பாருங்கள்

பெட்ரோல் புதுச்சேரியில் விலை குறைவு, தமிழ்நாட்டில் கூட, கேரளத்தில் இன்னும் கூட. எனவே இங்கே டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அடுத்து நிரப்ப வேண்டிய இடம் கம்பம், குமுளி ஏறுவதற்கு முன்.

நிரப்பிக்கொண்டு போகக் கூடாததும் ஒன்று இருக்கிறது. புதுச்சேரி பாட்டில் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தால் மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு, வண்டியும் பறிமுதல் ஆகலாம். "ஒயின் தானே" என்ற பேச்சு சோதனைச்சாவடியில் எடுபடாது. கண்டமங்கலம் பக்கம் போனாலும் கடலூர் ஆல்பேட்டை பக்கம் போனாலும் இதுதான் கதை. கேரளத்திலிருந்து திரும்பும்போதும் அதே விதி.

ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் கொடைக்கானலில் தடை. எவர்சில்வர் பாட்டில் இரண்டு போதும்.

படி 4: முதல் நாள், 400 கிலோமீட்டர்

காலை நாலரைக்குக் கிளம்புங்கள். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு. கடலூரிலிருந்து வருபவர்கள் விழுப்புரம் சுற்ற வேண்டாம். வடலூர், நெய்வேலி, விருத்தாசலம் வழியாக வேப்பூர் கூட்டுரோட்டில் நான்குவழிச் சாலையைப் பிடித்துவிடலாம். செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பொன்னம்பலப்பட்டி என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும், ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கட்டும்.

இருவருக்கும் ஓட்டத் தெரிந்தால் திண்டுக்கல் வரை ஒருவர், அங்கிருந்து மற்றவர். மலையில் யாருக்குக் கை பழகியிருக்கிறதோ அவர் முதல் பாதியில் பக்கத்து இருக்கையில் தூங்கி வரட்டும். திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிடாமல் போகச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அரை வயிறாகச் சாப்பிடுங்கள், மீதி வயிறு கொண்டை ஊசி வளைவுகளுக்கு. வாந்தி வரும் உடம்பென்றால் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை மலை ஏறும் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. அந்த மாத்திரை தூக்கம் வரவழைக்கும், ஓட்டுபவர் தொடக் கூடாது.

வத்தலக்குண்டைப் பகல் இரண்டு மணிக்குள் தாண்டிவிடுங்கள். நாலு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். அப்போது ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோபீம், கண்ணாடிப் பக்கம் திருப்பிய ஏசி, இவை போதும்.

ஏறும்போது: வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. வண்டி திணறிய பிறகு இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தேடினால் நடுவில் நின்றுபோகும், பின்னால் லாரி இருக்கும். நின்றுவிட்டால் பதற வேண்டாம். கைபிரேக்கை இழுத்து, ஒன்றாம் கியர் போட்டு, கிளட்சை வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும் வரை விட்டு, பிறகு கைபிரேக்கை இறக்குங்கள். கிளட்சை அரைகுறையாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் கருகிய வாடை வரும். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்கும்போது நீங்கள் வழிவிட வேண்டும்.

வழியில் டம்டம் பாறையில் ஒரு நிறுத்தம். எதிரே 297 மீட்டர் உயரத்திலிருந்து நூல்போல விழுவது தலையாறு அருவி, கீழே தெரியும் தண்ணீர் மஞ்சளாறு அணை. இ-பாஸ் சோதனை நகருக்கு முன், வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே.

படி 5: கொடைக்கானல், இரண்டு இரவு

ஏரியை 1863-ல் உருவாக்கியவர் மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச். சுற்றளவு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். படகுக்கு வரிசையில் நிற்பதைவிடக் காலை ஆறரைக்கு ஒரு சுற்று நடந்துவிடலாம், தண்ணீர் மேல் ஆவி எழும்பும் நேரம் அது. பேரிஜம் ஏரி நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வனத்துறை அனுமதி வேண்டும், வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, யானை நடமாட்டம் என்றால் மூடிவிடுவார்கள். கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற காட்சி முனைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

படி 6: இறக்கம். இங்கே மேப்பை நம்பாதீர்கள்

மூன்றாம் நாள் காலை போனில் "கம்பம்" என்று போட்டால், பெருமாள்மலையில் பிரிந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரையில் இறங்கும் பாதையை அது காட்டக்கூடும். பெரியகுளத்துக்கு முப்பது கிலோமீட்டர் தூரம் குறையும். ஆனால் அந்தச் சாலை பல இடங்களில் ஒரு வண்டி அகலம்தான். எதிரே ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும், மலையில் ரிவர்ஸ் எடுத்துப் பழகாதவர் அவராக இருந்தால் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மழை பெய்தால் மண்ணும் பாறையும் சரிந்து சாலையை அடைக்கும். பாதி வழியில் திரும்பவும் இடமிருக்காது.

ஏறி வந்த சாலையிலேயே இறங்குங்கள். மேப்பில் நேராகக் கம்பம் என்று போடாமல், முதல் இடமாகத் தேவதானப்பட்டி, அடுத்து பெரியகுளம், தேனி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அது அடுக்கம் பக்கம் இழுக்காது. அறையில் வைஃபை இருக்கும்போதே இதைச் செய்து, அந்தப் பகுதி வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள்.

இறங்க எந்த கியர்? ஏற எது தேவைப்பட்டதோ அதுவே, பெரும்பாலும் இரண்டு, நீளமான இடங்களில் மூன்று. எஞ்சின் இரையும், இரையட்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுவது தற்கொலை. மிச்சமும் ஆகாது, கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், வேகம் கூடியதும் அழுத்தமாக ஒரு மிதி, பிறகு முழுசாக விடுங்கள். விட்டிருக்கும் அந்த நொடிகளில்தான் டிஸ்க் ஆறும். சுட்ட ரப்பர் மாதிரி வாடை வந்தாலோ மிதி மெத்தென்று போனாலோ அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.

படி 7: திராட்சை நாடு

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர். சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டியதும் பந்தல்கள் தொடங்கும். ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி வழியாகக் கிளைச் சாலையில் போங்கள், நெடுஞ்சாலையில் ஓட்டினால் கடைதான் தெரியும், தோட்டம் தெரியாது.

இங்கே விளைவது பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சு பாதிரியார் கொண்டுவந்தார் என்பார்கள், நம்மூர்க்காரர்களுக்கு உறவு கொண்டாட அது போதும். கவாத்து செய்து, அதாவது கொடியை வெட்டிவிட்டு, ஏறத்தாழ நாலு மாதத்தில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து முன்பின்னாக நடப்பதால் ஆண்டு முழுக்க எங்காவது பழம் இருக்கும்.

உள்ளே போகுமுன் "பார்க்கலாமாண்ணே?" என்று கேளுங்கள், கூடவே "மருந்து எப்ப அடிச்சீங்க?" என்றும். பந்தலுக்கு உயரம் அதிகமில்லை, நெட்டையானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும், குலை தலையில் இடிக்கும். இலையில் நீலமும் வெள்ளையுமாகத் தெறித்திருந்தால் அது போர்டோ கலவை: நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய்க்கு அடிப்பது. பிரான்சின் ஒயின் ஊரான போர்டோவில் பிறந்ததால் அந்தப் பெயர்.

வாங்கும்போது பழத்தைப் பார்க்காமல் காம்பைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் இன்று பறித்தது, பழுப்பென்றால் பழையது. குலையை லேசாக உலுக்கினால் பழம் உதிரக் கூடாது. மேலே சாம்பல் பூத்தாற்போல் இருப்பது இயற்கை மெழுகு, அதைத் துடைக்கக் கூடாது, பழத்தைக் காப்பதே அதுதான். ஊருக்குக் கொண்டுபோக இப்போது வாங்காதீர்கள், திரும்பும் நாளில் வாங்குங்கள். பன்னீருக்குத் தோல் மெல்லிசு. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல், டிக்கியில் அல்ல, ஏசி படும் பின் சீட்டுக் கால்வைக்கும் இடத்தில். கழுவுவது வீட்டுக்குப் போய்த்தான், ஈரம் பட்டால் மறுநாளே பூசணம்.

படி 8: தேக்கடி

கம்பத்திலிருந்து குமுளி இருபது கிலோமீட்டர் சொச்சம், லோயர் கேம்ப்பில் கடைசி ஏற்றம். சாலையை ஒட்டி மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைக் கவனியுங்கள். பென்னிகுயிக் கட்டி 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியே வந்து, இதில் இறங்கி மின்சாரம் எடுத்து, நீங்கள் பார்த்து வந்த பள்ளத்தாக்குக்குப் போகிறது. அங்கே மேலே தெரியும் ஏரிதான் இங்கே கீழே பந்தலாகப் படர்ந்திருப்பது.

படகு காலை 7.30, 9.30, 11.15, பகல் 1.45, 3.30. விலங்கு பார்க்க 7.30-தான். இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். வனத்துறை நுழைவுக் கட்டணம் தனி, படகுச் சீட்டு தனி, இதைக் கோட்டைவிட்டவர்கள் படகுத்துறைக்கு ஓடுவதை அங்கே தினமும் பார்க்கலாம். சொந்த வண்டி படகுத்துறை வரை போகாது. ஆனவச்சால் மைதானத்தில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் போக வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களில் நீர்க்காகம் சிறகு விரித்து உலர்த்தும், கேமராவை முதலில் அங்கே திருப்புங்கள்.

திரும்ப 440 கிலோமீட்டர். இரவில் குமுளி மலையில் இறங்க வேண்டாம், விடிந்த பிறகு கிளம்பினாலும் இருட்டுவதற்குள் விழுப்புரம் வந்துவிடலாம்.

பிறகு சேர்த்தவை

ஏஎம்டி (கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றும்) கார் வைத்திருப்போர் கேட்டது: இறக்கத்தில் டி-யில் விடாதீர்கள், அது தானாக மேல் கியருக்குப் போய் எஞ்சின் பிடிப்பைக் கெடுத்துவிடும். மேனுவலுக்குத் தள்ளி இரண்டில் வையுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் பிடித்து நிறுத்தக் கூடாது, உள்ளே இருப்பதும் அதே கிளட்ச்தான். பிரேக் போடுங்கள்.

சுருளி அருவியை ஏன் சேர்க்கவில்லை என்றால், வெள்ளத்துக்கும் யானைக்கும் அடிக்கடி மூடுவார்கள். கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர்தான், தோட்டத்தில் விசாரித்துத் திறந்திருந்தால் மாற்றுத்துணியோடு போங்கள்.

பயண நாள் மாறினால் பழைய பாஸைக் காட்டி வாதாடாதீர்கள். புதிய தேதிக்கு மறுபடி எடுக்கப் பத்து நிமிடம்தான் ஆகும், அதை வத்தலக்குண்டில் சிக்னல் இருக்கும்போதே முடித்துவிட்டு ஏறுங்கள்.